சாம்பிராணி போட்ட சம்பந்தம்

பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் ஆம்பூரில் நாங்கள் முதலில் செய்கிற காரியம் என்ன தெரியுமா? ஜன்னலைச் சாத்துவது!

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் நித்யாவைப் பார்க்கத் திமிரியிலிருந்து வந்தார்கள். கடலைக் காட்டுக் காற்றில் வளர்ந்த குடும்பம். எங்கள் தெருக்கோடியிலோ தோல் தொழிற்சாலை. எங்கள் மூக்குக்கு அந்த வாடை பழகிவிட்டது... வருகிறவர்களுக்கு?

என் மனைவி களத்தில் இறங்கினாள். ஒட்டடை அடித்தாள். ஹாலுக்கு அவசரப் பெயிண்ட். ரூம் ஸ்பிரே, ஊதுபத்தி, போதாததற்குத் தட்டு நிறையச் சாம்பிராணி. நித்யாவுக்கோ வீசிங் உண்டு. இதில் ஏதாவது ஒன்றே போதும், இழுக்க ஆரம்பித்துவிடும்.

"இன்ஹேலர் என் கையிலயே இருக்கட்டும்மா..."

"வாயத் தொறக்காத! வீசிங்னு தெரிஞ்சா எவன்டி கட்டுவான்?" என்று பிடுங்கி, அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டாள். நல்ல வரன், கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். நித்யா மூச்சை அடக்கிக்கொண்டு காபித் தட்டோடு வந்தாள். ஹாலில் இருமல் கேட்டது. போச்சுடா என்று நினைத்தேன். பார்த்தால், இருமியது மாப்பிள்ளையின் அம்மா!

"இன்ஹேலர்... பை... கார்ல..." அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. கார் எங்கே? டிரைவர் பிரியாணி சாப்பிட பஜாருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஆம்பூர் வரை வந்துவிட்டு அவர் மட்டும் சும்மா இருப்பாரா?

நித்யா காபித் தட்டை மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டு ஓடினாள். அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். "இழுங்க அத்தை... மெதுவா... இன்னொரு வாட்டி" என்று கொடுத்து, அவரைக் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்துப் போனாள். அங்கேயே துடைத்துவிட்டுத் தானும் ஒரு இழுப்பு! என் மனைவி முகத்தில் ஈயாடவில்லை.

வாசலில் தோல் வாடை கும்மென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தம்மா மூச்சு வந்ததும் சொன்னார்: "அப்பாடா... வெளிய காத்து இன்னா சுகமா இருக்கு!"

தோல் வாடை நெஞ்சுக்கு நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாறினால் மூக்கைப் பொத்திக்கொள்கிற நாம், மணக்கிறது என்றால் நெஞ்சடைத்தாலும் உட்கார்ந்திருக்கிறோமே, ஏன்?

கிளம்பும்போது அந்தம்மா, "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா ஒரே ஒரு கண்டிஷன்" என்றார். இப்போது மூச்சு நின்றது எனக்கு.

"ஐயர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சிடுங்க. ஓமப்புகை கம்மியா இருக்கணும். எனக்கும் என் மருமகளுக்கும் ஆகாது."