பத்தொன்பது கிலோவுக்கு ஒரு பை

எனக்கு ஏழு வயதிருக்கும்போது, என் மாமா என்னை ஒரு பைக்குள் உட்காரவைத்து, முதுகில் மாட்டிக்கொண்டு, மேற்குத் தாம்பரம் மார்க்கெட் சந்தில் நடந்தார். அந்த வயதில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதுதான் பெரியது என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. அரசாங்க ஆபீஸில் கிளார்க். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் அத்தையோடு குடியிருந்தார். வாரமெல்லாம் ஃபைலும் கையுமாக இருக்கும் மனிதர், ஞாயிற்றுக்கிழமையானால் ஏர்கன்னை எடுத்துக்கொண்டு சிநேகிதர்களோடு படப்பைப் பக்கம் போய்விடுவார். சில நாள் முயலோ கௌதாரியோ கொண்டுவருவார். பெரும்பாலும் வெறுங்கைதான். அத்தை இரண்டுக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டுவாள்.

அந்த வருஷம் அரைப்பரீட்சை லீவில் சிநேகிதர்கள் பெரிதாகத் திட்டம் போட்டார்கள். ஜவ்வாது மலைக்குப் போய் நான்கு நாள் காட்டுக்குள்ளேயே நடந்து சுற்றுவது. அவர்களில், படப்பையில் வேர்க்கடலை போட்டிருந்த ஒருவரிடம் நிஜத் துப்பாக்கியே இருந்தது. ஆகவே மாமாவின் ஏர்கன்னுக்கு அங்கே வேலை இல்லை, அவருடைய அகலமான தோளுக்குத்தான் வேலை. அதுவரை அவர் வைத்திருந்த ரெக்சின் பை, குனிந்தால் முன்னால் வந்து விழும். மலைக்கு முதுகில் மாட்டுகிற பை வேண்டும் என்றார். எத்தனை நாள் என்று மட்டும் அத்தை கேட்டாள். அவர் சொன்னதும் தையல் மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள். எங்கள் தெருவுக்கே ஜாக்கெட்டும் யூனிஃபார்மும் தைத்துக் கொடுப்பவள் அவள்.

பை வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முதலில் தாம்பரம் ஸ்டேஷனில் இருந்த எடை மெஷினில் என்னை ஏற்றி நிறுத்திக் காசு போட்டார். கலர் விளக்குகள் சுழன்று ஒரு அட்டை விழுந்தது. பத்தொன்பது கிலோ. "கரெக்டா இருக்கு," என்றார். நான் வயதுக்குச் சரியாக வளர்ந்திருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன்.

அது ஏலத்தில் எடுத்த பட்டாளத்துச் சாமான்களை விற்கும் கடை. பூட்ஸ், தண்ணீர் பாட்டில், கம்பளி எல்லாம் கூரையிலிருந்து தொங்கின. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட மாமா அவ்வளவு கேள்வி கேட்டிருக்கமாட்டார். நடந்தால் பக்கிள் சத்தம் போடுமா, இடுப்பில் கட்டப் பட்டை உண்டா, முதுகு வேகுமா, ஒரு தடவையாவது துப்பாக்கி தன் கைக்கு வந்தால் தோளில் வைக்கும்போது பட்டை குறுக்கே வருமா. கடைக்காரரின் குடையை வாங்கித் தோளில் ஊன்றி எதிர்ச் சுவரில் இருந்த பல்லியைக் குறி பார்த்தார். நான்கு பைகளை மாட்டிக் கழற்றிவிட்டு, கடைசியில் பாதி ஆள் உயரத்துக்கு இருந்த ஒரு பச்சைப் பையிடம் வந்து நின்றார்.

"ஒழுகுமா?" என்று கேட்டார்.

"உள்ள ரப்பர் பூச்சு கீது சார். இன்னா வெச்சாலும் ஒரு சொட்டு வெளிய வராது. தூக்கிகினு நடந்து பாரு," என்றார் கடைக்காரர்.

அப்போதுதான் என்னை உள்ளே இறக்கினார்கள். கழுத்து வரை கச்சிதமாக இருந்தேன். மாமா சந்தின் கடைசி வரை நடந்தார், கொஞ்ச தூரம் ஓடினார், ஒரு மீன்பாடி வண்டிக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்து எழுந்தார். பூக்காரம்மாக்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்காரர் மட்டும் சிரிக்காமல், பையை மடித்துக் கொடுக்கும்போது, "பாத்து சார், செக்போஸ்ட்ல பேஜாராய்டும்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஓடிப்போய் அத்தையிடம் அளந்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"உன்னை எதுக்குடி உள்ள உக்கார வெச்சாரு?"

"சரியா இருக்கான்னு பாக்க."

"எதுக்கு சரியா?"

அது எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததையெல்லாம் சொன்னேன். எடை மெஷின், ரப்பர், ஒழுகாதது, செக்போஸ்ட், ஒன்றையும் விடவில்லை.

அத்தை கீழே இறங்கி வந்து அம்மாவிடம் சொன்னாள். "முயலுக்கு எதுக்கு அண்ணி ரப்பர் வெச்ச பை? மான் அடிக்கப் போறாங்க. மாட்டினா ஜெயிலு. வேலையும் போயிடும்."

"சொல்லிப் பாரேன்," என்றாள் அம்மா.

"நான் சொல்லி எதைக் கேட்டிருக்காரு உங்க தம்பி?"

மான் உயிரோடு வருமா என்று நான் கேட்டேன். அத்தை மாடிப்படி ஏறிவிட்டாள்.

மறுநாள் மாமா ஆபீஸுக்குப் போனதும் அத்தை அந்தப் பையைத் தரையில் விரித்துப் பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டு ஊசி உடைந்தது. சாயங்காலத்துக்குள் எனக்கு ஒரு பள்ளிக்கூடப் பை வந்துவிட்டது. மிச்சத் துணி தையல் மெஷினுக்கு உறையானது.

மாமா வந்தபோது நான் பையை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் காத்திருந்தேன். "தேங்க்ஸ் மாமா," என்றேன். அவர் பையைப் பார்த்தார். நிமிர்ந்து மேலே கதவருகே நின்ற அத்தையைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. அவர் கத்தியிருக்கலாம். வேறு பை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். படியில் உட்கார்ந்து, நீளமாக இருந்த பட்டைகளைச் சுருக்கத் தொடங்கினார். "தோள்ல வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை சிநேகிதர்கள் வந்து கூப்பிட்டபோது காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். அவர்கள் போய் நான்கு நாள் கழித்துச் சௌக்கியமாகத் திரும்பினார்கள். ஒரு செக்போஸ்டிலும் ஒருவரும் மறிக்கவில்லை. அத்தை செய்தது சரிதான் என்று நிரூபிக்க உலகம் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. மாமா பல வருஷம் அதை அவளிடம் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தார். என்னிடம் ஒரு தடவைகூட இல்லை.

அந்தக் கடையில் நான் மானுக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தேன் என்பது கொஞ்சம் வளர்ந்ததும் தானாகவே புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டேன். மற்றது புரிய இன்னும் நாளானது. கடையில் நடந்தது மூன்றே பேருக்குத்தான் தெரியும், அதில் கடைக்காரர் எங்கள் வீட்டுப் பக்கமே வந்ததில்லை. காட்டிக்கொடுத்தது யார் என்று மாமாவுக்குப் படியில் உட்கார்ந்தபோதே தெரிந்திருக்கும். நானோ, அவர் பட்டையைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது முதுகைத் திருப்பிக் காட்டி, "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க மாமா," என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.