வலிக்கும் முன்பே நிமிர்ந்தவள்

நடவு வயலில் குனிந்தால் வானம் காலடிக்கு வந்துவிடும். மேகத்துக்குள் விரலை விட்டு நாற்றை ஊன்றுவதுபோல் இருக்கும். பாபநாசத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதலாகச் செவ்வந்திக்கு அதில் ஒரு கிறக்கம்.

சில வருஷங்களாக இடுப்பில் வலி குடியேறியிருந்தது. வலி இல்லாத நாளில், விட்டதையெல்லாம் பிடிப்பவள்போலப் பொழுது சாயும்வரை நடுவாள். அடுத்த நாள்களில் பாயோடு கிடப்பாள்.

“ஒருநாள் சூறாவளி, மறுநாள் படுக்கை. உன்ன நம்பி எப்படி வயல ஒத்துக்கறது?” என்றார் நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் ஐயாவு. இந்தச் சம்பா நடவிலும் இப்படியென்றால் வேறு ஆள் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மதுவந்தி என்றொரு பெண். அன்றாட வேலையை உடம்புக்குத் தக்கபடி மாற்றிச் செய்யப் பழக்குவது அவள் வேலை. நட்டுக்காட்டச் சொன்னாள். செவ்வந்தி டைல்ஸ் தரையில் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து மேஜையில் இடித்துக்கொண்டாள்.

“எலும்புல கோளாறு இல்லம்மா. நரம்புதான் பயந்துபோயிருக்கு, லேசா குனிஞ்சாலே கத்துது. அது கத்தறதுக்கு முன்னாடியே நிமிந்துடுங்க. நல்லா இருக்கற நாள்லயும்.”

“வலிக்காதப்பவே நிமிந்தா வேலைக்கள்ளின்னுல்ல சொல்லுவாங்க?”

“சொல்லட்டுமே. வயல்ல நின்னுகிட்டே செய்யற வேலை எதுவும் இல்லையா?”

மறுவாரம் நடவு. பெண்கள் வரிசையாகப் பின்னோக்கி நகர்ந்தார்கள். ஒருத்தி தாமதித்தாலும் அவள் இடம் மட்டும் வெறும் சேறாக, பொக்கைப் பல்போலத் தெரியும். கையிலிருந்த நாற்றுமுடி தீர்ந்ததும், துளி வலியும் இல்லாமல், செவ்வந்தி நிமிர்ந்தாள்.

“என்னக்கா, மகாராணி நகர்வலமா?” என்றாள் பக்கத்தில் நட்ட செம்மொழி.

செவ்வந்திக்கு முகம் சுட்டது. குனிந்துவிடலாம் போலிருந்தது. குனியவில்லை. வரப்பிலிருந்து நாற்றுமுடிகளை வீசிக்கொண்டிருந்த ஐயாவுவைப் பார்த்தாள்.

“அண்ணே, முடிய நான் வீசறேன். என் எடத்துல கொஞ்சம் நடுங்க.”

வரிசையே சிரித்தது. ஐயாவு முறைத்தார். வயல் இன்றே முடிய வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

செவ்வந்தி வீசிய பச்சை முடிகள் தண்ணீருக்குள் கிடந்த வானத்தில் போய் விழுந்தன. ஒரு சுற்று வீசிவிட்டு மறுபடி குனிந்தாள், மறுபடி நிமிர்ந்தாள். பொழுது அப்படியே மிதந்து போனது.

மறுநாள் காலையில் வலி இருந்தது. ஆனால் கால் தரையில் ஊன்றியது. அவள் அடுத்த வயலுக்கு வந்து நின்றதும் ஐயாவு ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்திரிச்சு வந்துட்டியா?”

“லேசா வலிக்குதுண்ணே. வந்துட்டேன்.”

“சரி, நடுவுல நடுவுல நீயே வீசு. ஆனா உன் எடத்துல நடறதுக்குச் செம்மொழியக் கூப்பிடு தாயி. என் இடுப்பு நேத்தே போச்சு.”