குடிக்காதவனின் ஈரல்

என் அண்ணன் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தது கிடையாது. இதை நான் சொன்னால் தெருவே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

அவன் வேலை பார்த்தது ஒரு பழம்பொருள் கடையில். கடை அண்ணியின் கூடப்பிறந்த அண்ணனுடையது, அதாவது என் அண்ணனின் மச்சானுடையது. இடிக்கப்போகிற பழைய பெரிய வீடுகளுக்குப் போய்க் கதவு, கைப்பிடி, விளக்கு என்று கழற்றி வந்து விற்பார் அவர். அந்த வீடுகளில் மாடிப்படிச் சுவரிலும் சமையலறை வாசலுக்கு மேலும் தீயணைப்புச் சாமான்கள் இருக்கும். சாவி கொடுத்து வைத்தால் சூடு பட்டதும் அலறுகிற மணி, கையால் அடிக்கிற பித்தளை பம்பு, கம்பிக் கூட்டில் தொங்கும் கண்ணாடி உருண்டை. உருண்டைக்குள் ஏதோ திரவம். தீப்பிடித்தால் எடுத்து நெருப்பில் வீச வேண்டும், உடைந்து அணைத்துவிடும். கடையில் இந்த உருண்டைகளுக்குத்தான் அடிதடி. வசதியானவர்கள் வாங்கிப் போய் வரவேற்பறை அலமாரியில் வரிசையாக வைத்தார்கள்.

ஆனால் உள்ளே இருந்த திரவத்துக்கு நிறமே இல்லை. சிவப்பும் நீலமுமாக மின்னினால்தான் ஆட்கள் வாங்குவார்கள். சாயப்பொடி போட்டால் அந்தத் திரவத்தில் கரையவும் கரையாது. அதனால் உருண்டையின் கழுத்தை அரத்தால் அறுத்து, திரவத்தை வாளியில் கொட்டி, சாயத் தண்ணீர் ஊற்றி, மறுபடி மெழுகு வைத்து அடைக்க வேண்டும். அதுதான் அண்ணனின் வேலை. கடைக்குப் பின்னால் ஒரு அறை. இந்தத் தில்லுமுல்லு அக்கம்பக்கத்தில் தெரியக்கூடாது என்று அங்கிருந்த ஒரே ஜன்னலுக்கும் மச்சான் ஆணி அடித்துவிட்டார்.

அண்ணன் வெள்ளந்தி. கொட்டிய திரவத்தை வீணாக்க மனம் வராமல், துணியில் நனைத்துப் பித்தளையெல்லாம் துடைப்பான். எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே கழன்று வருமாம். தன் மகளின் வெள்ளைச் சட்டையில் பட்டிருந்த கறையைக் கூட அதில்தான் போக்கிக் கொண்டுவந்து காட்டினான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

சாயங்காலம் தள்ளாடித்தான் வீடு திரும்புவான். தலை சுற்றுகிறது என்பான், வாந்தி எடுப்பான். உடம்பெல்லாம் தித்திப்பாக ஒரு வாசனை. அண்ணிக்கு வேறென்ன தோன்றும்?

"எந்தக் கடையில ஏத்திக்கிட்டு வர்றீங்க?"

"சத்தியமா இல்லடி. வேலையில இருக்கும்போதே தலை சுத்துது."

"எங்கண்ணன் கடையில வேலை பாத்தா போதை ஏறுதா? நல்லா சொல்றீங்க கதை!"

அவள் தன் அண்ணனிடமே போய்க் கேட்டாள். "கடையில அவர் குடிச்சு நான் பாத்ததில்லம்மா. போற வழியில என்ன பண்றாரோ, எனக்கென்ன தெரியும்?" என்றார் அவர், ரொம்ப வருத்தப்படுகிற மாதிரி. அது போதும். தெருப் பையன்கள் அண்ணனுக்குத் 'தள்ளாட்டம்' என்று பேர் வைத்தார்கள். மகள் அவனோடு வெளியே நடப்பதை நிறுத்திக்கொண்டாள்.

பிறகு கண் மஞ்சளானது, வயிறு உப்பியது. ஈரல் போய்விட்டது என்றார் டாக்டர். எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். குடித்ததே இல்லை என்றான் அண்ணன். "எல்லாரும் இதேதான் சொல்றாங்க" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

என் ஈரலில் ஒரு பங்கைத் தருகிறேன் என்று நான் சொன்னேன். தரலாம்தான். ஆனால் குடித்ததை ஒப்புக்கொள்ளாதவருக்கு மாற்று ஈரல் வைப்பதில்லையாம். ஒப்புக்கொண்டு, சில மாதம் குடிக்காமல் இருந்து காட்டினால் பார்க்கலாமாம். குடிக்காதவன் எதை நிறுத்திக் காட்டுவது?

அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "ஒத்துக்கோங்களேன். உங்க உசுருக்காக ஒரு வார்த்தை."

மறுநாள் டாக்டர் வந்ததும் அவன், "குடிச்சேன் சார்" என்றான். தினமும் எவ்வளவு என்று கேட்டார் டாக்டர். அண்ணன் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டான்: "எவ்வளவுன்னு சொன்னா சரியா இருக்கும்?"

அண்ணியின் காதில் அது விழவில்லை. 'குடிச்சேன்' மட்டும்தான் விழுந்தது. நேற்றுவரை கெஞ்சியவள், அவன் சொன்னதும் கையை உதறிவிட்டு எழுந்தாள். "இத்தனை நாளா என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே, பாவி!" என்று கத்திவிட்டுப் போனவள், அதன் பிறகு அவனோடு பேசவே இல்லை. டாக்டர் சொன்ன கெடு முடியும்வரை அவன் உடம்பு தாங்கவில்லை. செத்தான்.

அவனுடைய சாப்பாட்டு டப்பாவை எடுத்துவரக் கடைக்குப் போனேன். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், பழைய மணி ஒன்றைப் பார்க்க வந்திருந்தார். பின்னறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப்பார்த்தவர் அப்படியே பின்வாங்கினார்.

"இந்த உருண்டைங்களை மூடின ரூம்லயா வச்சுத் திறக்கறீங்க? போன தடவை வந்தப்பவே படிச்சுப் படிச்சு சொன்னேனே! மூச்சுல போனாலே ஈரலைத் தின்னுடும். குடிகாரனுக்கு வர்ற மாதிரியே மஞ்சக்காமாலை வந்து ஆளையே முடிச்சுடும்னு!"

மச்சான் என்னைப் பார்த்தான். இதற்கு மேல் அந்த ஆளுக்கு என்னால் மரியாதை கொடுத்து எழுத முடியாது. "சொன்னீங்கதான். வேலை ஓட்டத்துல மறந்துட்டேன்" என்றான்.

அங்கிருந்து நேராக அண்ணியிடம் ஓடினேன். அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தன் அண்ணனைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தவள் வேறு ஆள்.

"இந்த வீடு எங்கண்ணனோடது. பொண்ணுக்கு நல்லது கெட்டது பண்ணப்போறதும் அவர்தான். செத்தவரைப் பத்திப் பேசி, இருக்கறவங்க தெருவுல நிக்கணுமா? நீ வாயை மூடு."

போன மாதம் மகளைப் பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. நானும் இருந்தேன். மச்சான் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வந்த அம்மா கேட்டாள், "பொண்ணோட அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

அண்ணி ஒருமுறை என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

"குடிதாங்க. எவ்வளவோ சொன்னோம், கேக்கல. சாகறதுக்கு முன்னாடி அவரே டாக்டர்கிட்ட ஒத்துக்கிட்டாரு."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அடப்பாவமே, என்ன பாடு பட்டீங்களோ" என்று அந்த அம்மா அண்ணியின் தோளைத் தொட்டாள். அண்ணி உடைந்துபோய் அழுதாள். அந்த அழுகையில் துளிகூட நடிப்பில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.