ஏரிக்கரையில் கூப்பிட்ட பெயர்

நடப்பதற்கென்றே வீட்டை விட்டு வெளிக்கிடும் சனத்தை நான் டென்மார்க்குக்கு வந்துதான் கண்டேன். கடைக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை, சும்மா நடக்க. எண்பதுகளின் நடுப்பகுதி அது. சில்க்போர்க்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹோட்டலை அகதி முகாமாக்கி எங்களை வைத்திருந்தார்கள். எனக்கும் இவருக்கும் கலியாணம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முகாமில் வேலை செய்த டெனிஷ்காரி ஒருத்தி, நல்ல மனுசி, ஞாயிற்றுக்கிழமை தானும் புருசனும் காட்டுக்குள் இருக்கிற ஏரிக்கு நடக்கப் போகிறோம், நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள் என்றாள். கொஞ்சம் ஏற்றம் இறக்கம் இருக்கும், ஆனால் ஏரியைக் கண்டால் மனம் ஆறிவிடும் என்றும் சொன்னாள்.

காடு என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குப் போக மனமில்லை. ஊரில் ஆமிப் பட்டாளம் சுற்றிவளைத்த ஒரு நாள், இவர் பகல் முழுக்கப் புதர்ப் பற்றைக்குள் கிடந்து தப்பியவர். வெளியில் நின்று பெயர் பெயராகக் கூப்பிட்டார்களாம். எழும்பிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. இதை இவர் ஒரேயொரு தடவைதான் எனக்குச் சொன்னார், நானும் திருப்பிக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட மனிசனைக் காட்டுக்குக் கூட்டிப்போய் மனம் ஆற வைக்கப் போகிறார்களாம். காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கோ என்று இவரை நச்சரித்தேன். அதுகள் ஆசையாய்க் கூப்பிடுதுகள், போகாவிட்டால் குறை நினைக்குங்கள் என்று வாயை அடைத்துவிட்டார். எங்கள் அகதி வழக்குக்கு முடிவு வரவில்லை. அந்த நேரம் யார் எங்கே கூப்பிட்டாலும் நாங்கள் போகிற நிலைதான்.

இலை கொட்டுகிற காலம். பாதை முழுக்க ஈர இலை, அதற்கடியில் வேர். டெனிஷ்காரர் மலை என்று சொன்னதைத் தூரத்தில் கண்டு, இதுவோ மலை என்று மனதுக்குள் நக்கலடித்தேன். அரைவாசி ஏறுவதற்குள் நெஞ்சு அடைத்தது. யாரோ கொடுத்த ரப்பர் சப்பாத்து, காலைவிடப் பெரிது, ஒவ்வொரு அடிக்கும் கழன்றது. டெனிஷ்காரியின் புருசன் நல்ல உயரம், பச்சை நிறச் சட்டை, முழங்கால் வரை பூட்ஸ். திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இவருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. மரத்துக்கு மரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மேலே ஏறி முடிந்ததும் ஏரி தெரிந்தது. சுற்றிவர மேடு, நடுவில் கறுப்பாய்த் தண்ணீர். கரையோடு சரிவு செங்குத்தாக இறங்கியது. நீர் முன்னால போம், நான் ஒண்டுக்கு இருந்திட்டு வாறன் என்று என்னிடம் சொல்லி இவர் பின்தங்கினார். நாங்கள் கரைக்கு இறங்கவும் வெடிச்சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு அடுத்தடுத்து. நான் குப்புற விழுந்துவிட்டேன். டெனிஷ்காரி ஓடிவந்து தூக்கினாள். மான் வேட்டை, இந்தக் காலத்தில் வழமைதான், முதலே சொல்ல மறந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள். அவளிலும் பிழையில்லை. வெடி கேட்டால் நிலத்தில் விழுகிற சனத்தை அவள் எங்கே கண்டாள்?

ஆனால் இவர் வரவில்லை.

கரையில் சாப்பிடவென்று கொண்டுவந்த பாணும் சம்பலும் பைக்குள்ளேயே கிடந்தது. டெனிஷ்காரியும் புருசனும் கூப்பிடத் தொடங்கினார்கள். அந்த மனிசனின் குரல் இடி மாதிரி. இவருடைய பெயரை உடைத்து, நெரித்து, காடு முழுக்கக் கத்தினார். பதில் இல்லை. வேட்டைக்காரனின் குண்டு பட்டதோ, சரிவில் சறுக்கித் தண்ணீருக்குள் போனாரோ என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது. நான் கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கப் பார்த்தேன். விழுந்துவிடுவேன் என்று டெனிஷ்காரியின் புருசன் என் கையை எட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நீ கூப்பிடு, உன் குரல் அவருக்குத் தெரியும்தானே என்றாள் டெனிஷ்காரி. கூப்பிட்டேன். "இஞ்சாருங்கோ..." குசினி அடுப்படியிலிருந்து விறாந்தைக்குக் கேட்கிற குரல் அது. ஏரிக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போனது. பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்றாள். எப்படிச் சொல்வேன்? புருசனுடைய பெயரைப் பெண்சாதி சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று வளர்ந்தவள் நான். முகாமில் பதியும்போதுகூட அவரைத்தான் சொல்லவிட்டேன். உயிரோடு இருக்கிறாரோ என்றே தெரியாத நேரத்தில், இருக்கிற உயிரையும் நானே குறைப்பதோ? அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். அவளுடைய புருசனின் கண் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டேன். அதற்குப் பிறகு ஆயுளாவது மண்ணாவது.

அடிவயிற்றிலிருந்து அந்தப் பெயரைக் கத்தினேன். இரண்டு தடவை. என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே பயமாக இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதவும் மாட்டேன்.

மேலே ஊசியிலை மரங்களின் அடியிலிருந்து இவர் எழும்பினார். உடம்பெல்லாம் சேறும் இலையும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மெல்ல மெல்லச் சரிவில் இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. என் கையைப் பிடித்திருந்த அந்தப் பச்சைச் சட்டைக்காரருக்கு முன்னால் வந்து முழங்காலில் நின்றார். இவளுக்கு ஒன்றும் தெரியாது, இவளை விட்டுவிடுங்கள் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த மனிசன் நெருப்பில் சுட்டுக்கொண்டவர் போல என் கையை விட்டார். டெனிஷ்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு வந்ததோ கோபம். இவ்வளவு நேரமும் கூப்பிட்டது கேட்கவில்லையோ என்று ஏசினேன்.

"கேட்டது. அவங்கள் கூப்பிட்டவங்கள், நான் அசையேல்லை."

"அப்ப இப்ப ஏன் கையைத் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"நீர் என்ர பேரைச் சொன்னீர். அடிச்சாலொழிய நீர் சொல்லமாட்டீரே. உம்மைப் பிடிச்சிட்டாங்கள் எண்டு நினைச்சன்."

நானும் அவருக்கு முன்னால் சேற்றில் குந்தினேன். அவருடைய கை இரண்டும் இன்னும் மேலேதான் நின்றன. ஒவ்வொன்றாகப் பிடித்து நான்தான் இறக்கினேன்.