பால்கோவாவை எடு

போதையை விடு, பால்கோவாவை எடு. எழுதியவன் நான்தான்.

பிள்ளைகள் உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் ஒதுக்குவதைத் தடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் பெற்றோர் சிலர் கிளம்பினார்கள். ராஜபாளையத்தில் கவிதை எழுதுகிறவன் ஒருவன் இருக்கிறானாமே என்று என் வீட்டுக்கு வந்தார்கள். பேரைச் சொன்னாலே வாயூறும் இனிப்பு அவர்கள் ஊரில் இருக்கும்போது நான் வேறெங்கே போய்ச் சொல் தேடுவது? இயைபு தானாக வந்து உட்கார்ந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன்.

பள்ளி விடும் நேரம். ரத வீதியில் ஆட்டோ திரும்பியதும் பையன்கள் சிரித்தார்கள். சைக்கிளைச் சரித்துப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் கூடவே ஓடிவந்து, “அண்ணாச்சி, எந்தக் கடையில எடுக்கணும்?” என்று கேட்டான். டிரைவர் பெருமையோடு நல்ல மிட்டாய்க் கடைகளாகப் பார்த்துச் சொன்னார். தெருவே குலுங்கியது.

காரணத்தைச் சொன்னவன் என் தங்கை மகன். பத்தொன்பது வயது, ஸ்பின்னிங் மில்லில் வேலை.

“மாமா, பெட்டிக்கடையில அந்தப் பொட்டலத்துக்குப் பேரே பால்கோவாதான். நீங்க மைக்கு கட்டி எடு எடுன்னு சொல்லியிருக்கிய.”

சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். கீழுதடு மட்டும் சிரிக்கவில்லை. அது புடைத்து, எதையோ காவல் காத்துக்கொண்டிருந்தது.

அந்த உதட்டைச் சொல்லித்தான் தங்கை என்னிடம் அழுதிருந்தாள். குழம்பு ஊற்றினால் எரிகிறதென்று தட்டைத் தள்ளிவிடுகிறானாம், மோர்ச்சோறு மட்டும் விழுங்குகிறானாம். உதட்டின் உட்புறம் வெள்ளையாகப் படை. இப்போதே நிறுத்தினால் ஆறிவிடலாம், தள்ளிப்போட்டால் எதுவும் சொல்வதற்கில்லை என்றிருந்தார் பல் டாக்டர்.

நடந்தேன். யோசிக்க வேண்டுமென்றால் எனக்குக் கால் ஓட வேண்டும். மேற்கே மலை மேகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. மில் சங்கு ஊதியது. போதை என்ற சொல் இவன் காதில் விழவே இல்லை. போதை என்றால் யாரோ, எங்கோ, கஞ்சா மூட்டையோடு பிடிபடுகிறவர்கள். இவனுடையது ஷிஃப்டில் கண் சொருகாமலிருக்க ஒரு சின்னப் பொட்டலம். அதற்கு அவன் பேச்சில் ஒரு செல்லப்பேர் இருக்கிறது, என் எழுத்தில் இல்லை. சரி, என் எழுத்து வேண்டாம். மண்டையோட்டுப் படம் வேண்டாம், இயைபும் வேண்டாம். ஆனால் இவனை விடப்போவதில்லை.

செல்போனைக் கொடுத்து, உன் கூட்டாளிகளிடம் பேசுவதுபோல் பேசு என்றேன். தான் என்ன கலெக்டரா என்று கிண்டலடித்தபடியே பேசினான். பதிவானதைப் போட்டுக் கேட்டோம். ப தெளிவாக வரவில்லை, ம தெளிவாக வரவில்லை. உதடு மூடினால்தானே அந்த எழுத்துகள்? பொட்டலம் சரியாக மூடவிடவில்லை. பல் போன கிழவன் ஒருவன் எங்கள் நடுவில் உட்கார்ந்து கொழகொழவென்று பேசிக்கொண்டிருந்தான்.

“யாரு மாமா இது?” என்றான்.

எழுந்து போய்த் துப்பினான். குழாயடியில் கொப்பளிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து மறுபடியும் பேசினான்.

“ஏலே, நான்தாம்லே பேசுதேன். பரோட்டாவுக்குச் சால்னா ஊத்த முடியலலே. எரியுது. பச்சப்புள்ள மாதிரி சீனி தொட்டுத் திங்கேன்.”

அவ்வளவுதான். கடைசியில் ஒரு வரி சேர்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. சேர்க்கவில்லை.

மில் கூட்டாளிகளுக்கு அனுப்பினான். மில்லில் அவனுக்குச் சீனி பரோட்டா என்று பேர் விழுந்தது. கேலி ஓய்வதற்கு முன்பே ஒருவன் தனியாகக் கேட்டிருந்தான், எனக்கும் எரியுதுலே, எந்த டாக்டர்ட்ட போன என்று. பெற்றோர்களிடம் போய் அந்தப் பேச்சைப் போட்டுக்காட்டி, ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். கடைசியில் ஒரு நல்ல கருத்துகூட இல்லையே என்று இழுத்தார்கள். கருத்து நம்மிடம் நிறைய இருக்கிறது, பையன்கள்தான் இல்லை என்றேன். அரைமனதாக ஒத்துக்கொண்டார்கள். அரைமனது போதும், மீதிக்கு நான் அலைகிறேன்.

அடுத்த லீவு நாளில் அவனாகவே வந்தான். வாய் காலியாக இருந்தது, முகம் இருண்டிருந்தது. போனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

“நேத்து ஷிஃப்டுல மறுபடியும் பொட்டலம் வச்சிட்டேன் மாமா. அதச் சொல்லாம பேசட்டா?”

“அதையும் சொல்லு, மாப்ளே.”

ரெக்கார்டு பட்டனை அழுத்தி, “ஏலே, நேத்து தோத்துட்டேம்லே” என்று ஆரம்பித்தான்.