முப்பத்தொன்பது என்றால் எவ்வளவு?

எண்பதுகளின் நடுவில் நான் தென்காசியில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஒரே ஒரு டாக்டர், நான், இன்னொரு நர்ஸ், ஒரு ஆயா. என் வீடு மேலகரத்தில். சீசன் நாட்களில் குற்றாலத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் தலை துவட்டாத ஆட்களுக்கு நடுவே நின்று வந்து, பாதி நனைந்த வெள்ளைச் சேலையோடுதான் டூட்டிக்குள் நுழைவேன்.

ஒரு வருஷம் சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், காய்ச்சலோடு வந்த ஒரு பெண் குழந்தை தெர்மாமீட்டரைக் கடித்துவிட்டது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகள் என்றால் வாயில்தான் வைப்போம். நாக்குக்கு அடியில் வைத்து, தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டென்று வலிப்பு வந்து பல் கிட்டிவிட்டது. கண்ணாடி நொறுங்கியது என் விரலுக்குத் தெரிந்தது. டாக்டர் ஓடிவந்து வாயைத் திறக்க வைப்பதற்குள் அந்தத் தாய் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழந்தையின் உதட்டில் ரத்தம். தரையில் பாதரசம் உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆயா துடைப்பத்தை வைத்ததும் ஒன்று ஐந்தாறாகப் பிரிந்து கட்டிலுக்கு அடியில் போனது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. வயிற்றுக்குள் போன பாதரசம் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், கண்ணாடித் துண்டுக்குத்தான் பயப்பட வேண்டும் என்றார் டாக்டர். ஆனாலும் அன்றைக்கு முழுக்க அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

துபாயில் வேலை பார்த்த அவருடைய மச்சினர் அடுத்த முறை லீவில் வரும்போது நான்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கொண்டுவந்தார். நாங்கள் அதுவரை பார்த்திராத சாமான். வெள்ளை பிளாஸ்டிக், ஒரு பக்கம் எண் தெரிகிற சின்ன ஜன்னல், மறுபக்கம் நெல்மணி அளவுக்கு உலோக நுனி. பட்டனை அழுத்தி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பீப் பீப் என்று சத்தம். ஆயா அதைக் கேட்டுச் சிரித்தாள்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இதுல கண்ணாடியும் இல்ல, பாதரசமும் இல்ல. நல்லதுதான். ஆனா சரியாக் காட்டுதான்னு பாக்காம யாரு வாயிலயும் வச்சிராதம்மா" என்றார்.

எப்படிப் பார்ப்பது என்பதை அவரே யோசித்துச் சொன்னார். அகல வாய் பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, நல்ல மெர்க்குரி தெர்மாமீட்டர் ஒன்றையும் டிஜிட்டல் ஒன்றையும் நுனி ஒரே ஆழத்தில் இருக்கும்படி நூலால் கட்டி இறக்க வேண்டும். பேட்டரி மூடிப் பக்கம் தண்ணீர் படக்கூடாது. ஸ்பூனால் மெதுவாகக் கலக்கிவிட்டு, இரண்டையும் பார்க்க வேண்டும். பிறகு கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு, மெர்க்குரியை உதறி இறக்கி, டிஜிட்டலை அணைத்துத் திரும்பப் போட்டு, மறுபடியும் பார்க்க வேண்டும். மெர்க்குரியில் இருப்பது பாரன்ஹீட், இதில் வருவது செல்சியஸ். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுத்தான் ஒத்துப்போகிறதா என்று தெரியும்.

நான்கும் நன்றாகவே காட்டின. ஆனால் அதில்தான் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. எங்களிடம் இருந்த மெர்க்குரிகளே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே தண்ணீரில் ஒன்று கொஞ்சம் கூட, ஒன்று கொஞ்சம் குறைச்சல். இத்தனை வருஷமும் அவற்றை நம்பித்தான் ஊசி போட்டிருக்கிறோம். டாக்டரிடம் சொன்னேன்.

"இதுல எது சரி டாக்டர்?"

அவர் தாம் படிக்கிற காலத்தில் வாங்கிய தெர்மாமீட்டரை மேஜையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "இத சரின்னு வச்சுக்குவோம். எங்கனயாவது ஓரிடத்துல நின்னுதான ஆகணும்" என்றார்.

அப்படித்தான் அந்தத் தெர்மாமீட்டர் எங்களுக்குச் சரியானதாயிற்று.

சாரல் இறங்கியது. அந்த வாரம்தான் ராயகிரியிலிருந்து சீசனுக்கு வந்த ஒரு தம்பதி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து விவசாயம் பார்க்கிறவர். நெட்டையான ஆள், நிமிர்ந்த நடை. அவர் மனைவிக்கு நாற்பது வயது இருக்காது. பிள்ளைகள் இல்லை. புருஷன் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் மாமியார் வீட்டில் தனியாக இருந்தவள். குற்றாலத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி ஆசைதீரக் குளிக்க வேண்டும் என்று இரண்டு பேரும் புறப்பட்டு வந்திருக்கிறார்கள். வந்து இறங்கிய அன்றைக்கே அவளுக்குக் காய்ச்சல். அருவிப் பக்கமே போகவில்லை.

டைபாய்டாக இருக்கும் என்று மருந்து ஆரம்பித்தார் டாக்டர். குறையவில்லை. மலேரியாவுக்கு ரத்தம் பார்த்தோம், இல்லை. எக்ஸ்ரே எடுத்தோம், அதிலும் ஒன்றும் தெரியவில்லை. காலையில் கொஞ்சம் தணியும். மத்தியானத்துக்கு மேல் குளிர் தூக்கிப்போடும். கம்பளியை நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்வேன், அவர் ஒரு பக்கம். அவள் பல் தந்தியடிக்கும்போதுகூட எங்களைப் பார்த்து வெட்கத்தோடு சிரிக்கப் பார்ப்பாள்.

முதல் முறை டிஜிட்டலை வைத்தபோது அது பீப் போட்டது. அவர் எழுந்து எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு சிஸ்டர்?"

"முப்பத்தொம்பது அண்ணாச்சி."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "முப்பத்தொம்பதா? நேத்து நூத்தி ரெண்டுன்னுல்லா சொன்னிய! ஏட்டி, கேட்டியா? கொறஞ்சிட்டு!"

முப்பத்தொன்பது என்றாலும் ஏறக்குறைய அதே நூற்றிரண்டுதான் என்று அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். அவர் மெல்ல உட்கார்ந்தார். அவளோ அவர் தொடையில் தட்டி, "பட்டாளத்துல இதெல்லாம் சொல்லித் தரலையா ஒங்களுக்கு?" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் செல்சியஸைக் கற்றுக்கொண்டார். முப்பத்தேழு வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது அவர் மனதில் பதிந்துவிட்டது. பீப் சத்தம் கேட்டால் வராந்தாவில் எங்கே நின்றாலும் வந்துவிடுவார்.

ஒரு நாள் மத்தியானம் அது முப்பத்தேழு புள்ளி ஒன்று காட்டியது.

அவர் என் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "முப்பத்தேழு" என்றார். அவளும் எழுந்து உட்கார்ந்தாள். "அப்பம் நாளைக்கு அருவிக்குப் போவலாமா சிஸ்டர்?" என்றாள்.

நான் அவள் நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. டாக்டர் கொடுத்த மெர்க்குரியை உதறி அவள் கக்கத்தில் வைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கக்கத்திலேயே நூற்றிரண்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

"இல்ல அண்ணாச்சி. காய்ச்சல் இருக்கு. இந்த மிஷின்தான் தப்பாக் காட்டுது."

"அதெப்படி? நேத்துவரைக்கும் இதத்தான நல்ல மிஷின்னு சொன்னிய?"

"நேத்து சரியா இருந்துச்சு."

"காய்ச்சல் இருக்குன்னு காட்டுனா நல்ல மிஷின். இல்லன்னு காட்டுனா கெட்ட மிஷினா?"

அவர் கோபமாகப் பேசியது அன்றுதான். நான் பிளாஸ்க்கில் தண்ணீர் கொண்டுவந்து அவர் எதிரிலேயே நான்கு டிஜிட்டல்களையும் மெர்க்குரியையும் கட்டி இறக்கினேன். மூன்று டிஜிட்டலும் மெர்க்குரியும் ஒன்றுபோலக் காட்டின. அவர் கையில் வைத்திருந்தது மட்டும் வெகுவாகக் குறைத்துச் சொன்னது. பேட்டரி மூடியைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அந்த ஈரக்காற்றில் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும். அதற்குள்ளும் ஈரம் போயிருக்கிறது.

"நாலு சேந்து ஒண்ணச் சொன்னா அது சரியாயிருமா சிஸ்டர்?" என்றார் அவர்.

சரி என்று வைத்துக்கொண்ட ஒன்றை வைத்துத்தான் மற்றவற்றைப் பார்க்கிறோம் என்பது எனக்குத் தெரியும். கட்டிலில் அவள் மறுபடி படுத்துக்கொண்டு கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சிஸ்டரப் போட்டு ஏன் பாடாப் படுத்துதிய? எனக்குக் குளுருது. அது தெரியாதா எனக்கு?" என்றாள்.

அன்று சாயங்காலம் டாக்டர் அந்தத் தெர்மாமீட்டரை ஒதுக்கி வைத்தார். மற்றவற்றைத் தினமும் காலையில் பிளாஸ்க்கில் பார்த்த பிறகே எடுக்க வேண்டும் என்றார். நான் பார்த்தேன். ஒரு நாளும் தவறவில்லை. மற்ற மூன்றும் அதன் பிறகு ஒரு குறையும் வைக்கவில்லை. அவள் காய்ச்சல் எத்தனை என்று புள்ளி சுத்தமாகச் சொல்ல முடிந்தது. அது ஏன் வருகிறது என்று மட்டும் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார், "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் குடுத்தாச்சும்மா. இதுக்கு மேல இங்கன வச்சிருக்கக் கூடாது."

திருநெல்வேலிக்குக் கொண்டுபோக ஒரு வாடகைக் கார் வந்தது. வழியில் பார்த்துக்கொள்ள டாக்டர் என்னையும் அனுப்பினார். ஓடுகிற காரில் உதறவும் வேண்டாம், உடையவும் உடையாது என்று ஒரு டிஜிட்டலைக் கையில் கொடுத்தார்.

கார் கிளம்பி ஆஸ்பத்திரித் தெரு முனைக்கு வந்ததும் அவள் முன் சீட்டில் இருந்த புருஷனின் தோளைத் தொட்டாள். "ஒரு நிமிசம் அருவியப் பாத்துட்டுப் போவலாமா?"

திருநெல்வேலி கிழக்கே, குற்றாலம் மேற்கே. அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? வேண்டாம் என்று சொல்வதற்கும் என்னிடம் காரணம் இருந்தது, போவோம் என்பதற்கும் இருந்தது. அவர் என் பதிலுக்குக் காத்திருக்காமல் டிரைவரின் தோளைத் தட்டினார். "மேக்க திருப்புங்க."

பேரருவிக்கு எதிரில் எவ்வளவு தூரம் கார் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் நிறுத்தினார் டிரைவர். சீசன் கூட்டம். எண்ணெய் தேய்த்த உடம்புகள், ஈரச் சேலைகள், பஜ்ஜிக் கடை. அவள் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். அருவியின் இரைச்சலும் பூந்தூறலும் உள்ளே வந்தன. கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். "இம்புட்டுப் பேரு குளிக்காவ" என்றாள். பிறகு, "சரி, போவோம்" என்று கண்ணாடியை அவளே ஏற்றினாள்.

ஆலங்குளம் தாண்டியதும் குளிர் தொடங்கியது. தெர்மாமீட்டரை வைத்தேன். பீப் அடித்தது. அவர் முன் சீட்டில் இருந்தார். திரும்பவில்லை.

"நாப்பதத் தொடப்போவுது அண்ணாச்சி" என்றேன்.

அவர் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டு நான் பஸ்ஸில் திரும்பினேன். இதய வால்வில் கிருமி பிடித்திருக்கிறது என்று அங்கே கண்டுபிடித்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். தீபாவளிக்கு முன்னால் அவள் இறந்துவிட்டாள். சிவகிரியிலிருந்து வந்த ஒரு நோயாளி இதைச் சொன்னபோது நான் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்த முடியாது. போட்டு முடித்துவிட்டுத்தான் பின்கட்டுக்குப் போனேன்.

மார்கழியில் ஒரு நாள் காலை அவர் வந்தார். தாடி விட்டிருந்தார். டாக்டர் வெளியே போயிருந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "சும்மாதான் வந்தேன். செங்கோட்டையில ஒரு சோலி, அப்படியே எறங்கிட்டேன்" என்றார். காபி வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

பிறகு, "அன்னைக்கு ஒங்ககிட்டச் சண்டை போட்டேம்லா" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"அந்த மிஷின் கொறச்சலாக் காட்டுததுன்னு எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? கைய வச்சாலே சுட்டுச்சே. ஆனா அவ எந்திரிச்சு உக்காந்தா பாத்தியளா? அம்புட்டு நாள்ல அன்னைக்கு ஒரு தடவதான் தானா எந்திரிச்சு உக்காந்தா. நீங்க அப்பம் ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கலாம். ஒரு ராத்திரி. அவ்வளவுதான்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை எடுத்துச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அதற்கு இத்தனை வருஷத்தில் எத்தனையோ பதில்களை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் எதிரில் நின்று சொல்லக்கூடிய ஒன்றுகூட அவற்றில் இல்லை.

உள்ளே பிரசவ வலியோடு வந்தவள் கத்தினாள். ஆயா என்னைக் கூப்பிட்டாள்.

"போங்க சிஸ்டர், அதப் பாருங்க" என்றார் அவர்.

போனேன். தலைப்பிரசவம், நேரம் பிடித்தது. கையைக் கழுவிக்கொண்டு நான் வெளியே வந்தபோது அந்தப் பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.