பதினைந்தாம் ஆளின் தோளில் பட்ட கை

சென்ற செவ்வாய்க்கிழமை மதிய போசனம் முடித்து ஆறுதலாக அமர்ந்திருந்தேன். தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் ஓர் இளம் சுவிஸ் பெண்மணி. எண்பதுகளில் எங்கள் ஆராவ் நகரப் பக்கத்தில் இயங்கிய றக்பி கீழ்ப்பிரிவின் வரலாற்றைத் தாம் எழுதி வருவதாகக் கூறினார். பழைய பெட்டியொன்றில் எனது பெயரும் உள்ள நடுவரின் அறிக்கை ஒன்று அகப்பட்டதாம். அதில் ஒரு வரி மட்டும் விளங்கவில்லையாம்.

"ஒரு வீரர் தொடப்பட்டார். தாமாகவே வெளியேறினார். பின்னர் திரும்பி வந்தார்."

றக்பியில் தொட்டால் யார் வெளியேறுவார்? அந்தப் பெண்மணியின் ஐயம் நியாயமானதே. அவருக்குச் சுருக்கமாகச் சொன்னதை, வாசக அன்பர்களாகிய உங்களுக்கு விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பிரிவில் மொத்தம் நான்கே அணிகள். அதற்குக் கீழே வேறு பிரிவு கிடையாது... கீழே புல் மட்டுமே இருந்தது. அந்தப் புல்லிலும் வார நாட்களில் மாடுகள் மேய்ந்தன. ஞாயிறு காலையில் சாணத்தை அகற்ற வேண்டியது ஊர் அணியா, விருந்தாளி அணியா என்பதே அக்காலத்தின் தலையாய சர்ச்சை.

நான் கோப்பை கழுவிய உணவகத்தின் தலைமைச் சமையற்காரர் ஊர்ஸ் என்பவர். எங்கள் ஊர் அணியை உருவாக்கியவரும் அவரே, தலைவரும் அவரே. எனது அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்த காலத்தில் என்னை நம்பி வேலை தந்த மனிதர். ஒருநாள் அவர் சோர்ந்துபோய் அடுப்படியில் நின்றார். ஆட்கள் போதாமல் அவரது அணி ஏற்கெனவே ஓர் ஆட்டத்தைக் கைவிட்டிருந்தது. இன்னுமொரு தடவை பதினைந்து பேர் இல்லாவிட்டால் அணியை நீக்கிவிடுவார்கள். அணி போனால் மிச்சம் மூன்று. மூன்று அணிகளைக் கொண்டு ஒரு பிரிவு நடத்த முடியாது என்று றக்பிச் சம்மேளனம் எழுதியும் விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவரிடம் இருந்தவர்களோ பதின்மூன்று பேர்.

செஞ்சோற்றுக் கடன் என்று ஒன்று உண்டல்லவா? நான் சம்மதித்தேன். என்னுடன் ஒரே அறையில் வசித்த மகேந்திரன் அண்ணையையும் அழைத்துக்கொண்டேன். அவர் யாழ்ப்பாணத்தில் தபாற்கந்தோர் லிகிதராக இருந்தவர். வயது நாற்பதை நெருங்கியிருந்தாலும் மெலிந்த தேகம், நல்ல ஓட்டம்.

ஊர்ஸ் அவர்கள் ஒரு முட்டைக்கோவாவைப் பந்தாகவும் உருளைக்கிழங்குகளை வீரர்களாகவும் வைத்து, சமையலறை மேசையில் எனக்கு விதிகளை விளக்கினார். அரைவாசி புரிந்தது. புரிந்த அரைவாசியை அண்ணைக்கு ஒரே வசனத்தில் சொன்னேன்.

"கிளித்தட்டு மாதிரித்தான் அண்ணை. கையிலை ஒரு பந்து இருக்கும், அவ்வளவுதான்."

அந்த ஒரு வசனத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கிளித்தட்டில் மறிப்பவர் கையில் படாமல் கோடுகளைத் தாண்ட வேண்டும். கடைசிக் கோட்டைத் தாண்டியவர் அங்கேயே நின்றுவிட முடியாது, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தால்தான் வெற்றி. பட்டால் வெளியே. நம்மவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா?

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பந்து அண்ணையிடம் வந்தது. அவர் ஓடினார். சரிந்தார், வளைந்தார், ஒருவர் கையிலும் படவில்லை. எதிரணியின் கோட்டைத் தாண்டியும் விட்டார். பந்தை நிலத்தில் வைத்தால் புள்ளி. ஊர்ஸ் அவர்கள் அதை வைக்கும்படி தொண்டை கிழியக் கத்தினார். தம்மைப் பாராட்டுகிறார் என்று எண்ணிய அண்ணை, பந்தோடு திரும்பி... எங்கள் பக்கத்துக்கே ஓடிவரத் தொடங்கினார்!

எதிரணியினர் திகைத்து வழிவிட்டனர். ஒருவர் மட்டும் திகைக்கவில்லை. அவர்களது தலைவர் ரூடி, அலுமாரி போன்ற ஒரு விவசாயி. அவர் எட்டிப் பிடிக்க முயன்றதில் கை அண்ணையின் தோளில் இலேசாகப் பட்டது. அவ்வளவுதான். அண்ணை நின்றார். பந்தை மரியாதையாக அவரிடமே கொடுத்தார். மைதானத்தை விட்டு வெளியேறி, ஓரத்து மர வாங்கில் போய் அமர்ந்துகொண்டார்.

நடுவர் தலைகளை எண்ணினார். பதினான்கு. இரண்டு நிமிடத்துக்குள் ஆள் வராவிட்டால் அணி குறைவென்று எழுத வேண்டி வரும் என்றார். ஊர்ஸ் அவர்கள் புல்லில் குந்தி, இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் வாங்குக்கு ஓடினேன்.

"எழும்பி வாங்கோ அண்ணை. உங்களை ஒருத்தரும் வெளியிலை போகச் சொல்லேல்லை."

"சொல்லத் தேவையில்லைத் தம்பி. அவன்ரை கை என்ரை தோளிலை பட்டது. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்."

"இதிலை தொட்டால் ஒண்டுமில்லை. பிடிச்சு விழுத்தினாத்தான்."

"அப்ப கிளித்தட்டு எண்டு சொன்னனீர்? இப்ப தோக்கிற நேரம் சட்டத்தை மாத்துறீரோ?"

இதற்குள் ரூடியும் வந்து சேர்ந்தார். எனது கோப்பை கழுவும் ஜெர்மனில் விடயத்தை விளக்கினேன். அவர் புல்லில் இருந்த ஊர்ஸ் அவர்களைப் பார்த்தார். இந்த அணி இல்லாமற் போனால் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தாம் யாரோடு மோதுவது என்று யோசித்திருக்க வேண்டும். பின்னர் அண்ணையின் முன் முழங்காலிட்டு, நெஞ்சில் கைவைத்து, தாம் தொடவேயில்லை என்று சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

அண்ணை தமது தோளைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரல்களும் சேற்றில் அச்சொட்டாகப் பதிந்திருந்தன.

"உவர் பொய் சொல்லுறார்" என்றார் என்னிடம் மெதுவாக.

"ஓம் அண்ணை."

"தன்ரை பக்கம் தோத்தாலும் பறவாயில்லை எண்டு சொல்லுறார்."

"ஓம்."

"அப்ப வாறன்" என்று எழுந்தார்.

அதன் பின்னர் நடந்ததை எந்த விதிநூலிலும் காண முடியாது. யாராவது தொட்டவுடன் அண்ணை நின்று ரூடியைப் பார்ப்பார். ரூடி "இல்லை" என்று தலையாட்டுவார். அண்ணை மீண்டும் ஓடுவார். நடுவர் வேறு பக்கம் பார்ப்பார்.

இறுதி விசில் ஊதியபோது எதிரணிக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட புள்ளிகள். எங்களுக்குச் சைபர். நடுவர் மறுபடி தலைகளை எண்ணினார். பதினைந்து. கையெழுத்திட்டார். ஊர்ஸ் அவர்கள் எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்து ஆனந்தக் கண்ணீர் விட்டார். நான்கு அணிகளும் பிழைத்தன, பிரிவும் பிழைத்தது.

தோற்பதற்கும் பதினைந்து பேர் வேண்டுமே, ஐயா!